முசார்: போரைக் கழித்துவிட்டால் பாட்டிலில் என்ன மிச்சம்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

லெபனானின் ஷாத்தோ முசார் சிவப்பு ஒயினைப் பற்றி எங்கே படித்தாலும் குண்டு, லாரி, சோதனைச் சாவடி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆசைப்பட்டு ஒன்று வாங்கித் திறந்தேன். முன்னால் நெயில் பாலிஷ் வாடை, பின்னால் மாட்டுக்கொட்டில். வேறு ஒயினில் இப்படி அடித்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்கியிருப்போம். போர் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இதை யார் சீந்தியிருப்பார்கள்? முப்பது வருஷம் வைத்தால் பிரமாதமாகும் என்பதும் விற்பதற்காகச் சொல்கிற பேச்சுதானே?

பிப்ரவரி 3

பாதி நியாயம், பாதி அவசரம்.

நியாயமான பாதி: போர்க்கதை எனக்கும் அலுத்துவிட்டது. ஒரே வார்ப்பில் எழுதி எழுதி, கட்டுரை முடியும்போது ஒயின் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை.

அவசரமான பாதி: திறந்து எவ்வளவு நேரம் விட்டீர்கள்? கார்க்கை உருவிய கையோடு மூக்கை வைத்தால் முசார் அப்படித்தான் அடிக்கும். நெயில் பாலிஷ் வாடைக்குக் காரணம் அசெட்டிக் அமிலமும் அதிலிருந்து பிறக்கும் எத்தில் அசெட்டேட்டும். மாட்டுக்கொட்டில் வாடை பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட் விட்டுப்போனது. முசாரில் இரண்டும் உண்டு. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, முசாரைச் செய்யும் ஹோஷார் குடும்பமும் மூடி மறைத்ததில்லை. வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடாமல் பழத்தோலிலும் ஒயின் கூடத்திலும் இருப்பதை வைத்தே நொதிக்க விடுகிறார்கள். வடிகட்டுவதில்லை, தெளிவிப்பதில்லை. அப்படிச் செய்தால் இந்த விருந்தாளிகளும் கூடவே வருவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பு ஒயினில் ஆவியாகும் அமிலத்தை (முக்கியமாக மேலே சொன்ன அசெட்டிக் அமிலம்) லிட்டருக்கு 1.2 கிராம் வரை ஒத்துக்கொள்கிறது. மனித மூக்குக்கு அதற்கு வெகு முன்பே, 0.7 கிராம் பக்கத்திலேயே, தெரிய ஆரம்பித்துவிடும். தெரிவதும் கெட்டுப்போவதும் ஒன்றல்ல. அளவாக இருந்தால் அது மற்ற வாசனைகளைத் தூக்கி மூக்குக்குக் கொண்டுவரும். மிஞ்சினால் காடி. முசார் அந்த எல்லைக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஒயின். பிடிக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 3, இரவு

கேட்க விட்டுப்போனது: லேபிளில் 'ஹோஷார் பேர் எ ஃபீஸ்' என்று இருந்ததா, 'ஷாத்தோ முசார்' என்று மட்டுமா? முதலாவது ஆனா கிராமத்து ஒற்றைத் தோட்டத்து ஒயின், சீக்கிரமே வெளியே வந்துவிடும். முப்பது வருஷக் கணக்கெல்லாம் இரண்டாவதற்குத்தான். 'முசார் ஷென்' என்று இன்னும் இளசாக ஒன்று உண்டு, அதற்கு பீப்பாயே கிடையாது. வாங்கின அன்றைக்கே குடித்துவிட வேண்டியது.

பிப்ரவரி 5

கேள்வி கேட்டவர் ஷாத்தோ முசார்தான் என்கிறார். அறுவடை ஆண்டு 2000க்குப் பிந்தியதாம். திறந்து பத்து நிமிஷத்தில் பாட்டில் பாதி காலி. சரி.

அந்த ஒயின் என்ன வழியாக வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அவசரம் ஏன் ஆகாது என்பது அதிலேயே இருக்கிறது. தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே. சரளைக்கல், அடியில் சுண்ணாம்புப் பாறை. ஒயின் கூடம் அங்கே இல்லை. லெபனான் மலையைத் தாண்டி, கடற்கரைப் பக்கம், பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில் இருக்கிறது. பழத்தைப் பறிப்பவர்கள் பெதுயின்கள் என்ற அரபு நாடோடி இனத்தவர். பறித்த பழம் மலையேறி இறங்கி வரவேண்டும்.

கேபர்னே சாவிஞோன், காரின்யான், சான்ஸோ என்ற மூன்று திராட்சை ரகங்களையும் தனித்தனியாக சிமெண்டுத் தொட்டிகளில் நொதிக்க விடுவார்கள். பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஒரு வருஷம். அதற்குப் பிறகுதான் மூன்றையும் சேர்ப்பது. சேர்த்ததைத் திரும்பவும் சிமெண்டில் கொஞ்ச காலம் இருத்தி, அறுவடையிலிருந்து மூன்றாவது வருஷம் பாட்டிலில் அடைப்பார்கள். பாட்டிலோடு இன்னும் நாலு வருஷம் நிலவறையில் படுக்க வைப்பார்கள். ஆக, கடைக்கு வரும்போதே வயது ஏழு.

ஏழு வருஷம் சரக்கை வைத்துக்கொண்டு காசு வராமல் காத்திருப்பது பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் கம்பெனிக்கு ஒத்துவராது. குடும்பத்துக்கு ஒத்துவருகிறது, அல்லது வேறு வழியில்லாமல் பழகிவிட்டது. காஸ்டன் ஹோஷார் 1930இல் ஆரம்பித்தார். பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோ பக்கம் போய் வந்தவர், அப்போது வயது இருபது. கஸீரில் ஒரு பழைய கோட்டையின் அடிநிலையில் வேலை தொடங்கியது. மூத்த மகன் செர்ஜ் 1959இல் ஒயின் பக்கத்தை எடுத்துக்கொண்டார், இளையவர் ரொனால்ட் 1962இல் கணக்கையும் விற்பனையையும். ரொனால்ட் என்ற பெயருக்கும் பின்கதை உண்டு: இரண்டாம் உலகப்போரின்போது லெபனானில் பணியிலிருந்த ரொனால்ட் பார்ட்டன், போர்தோவின் லாங்கோவா பார்ட்டன் ஒயின் பண்ணைக் குடும்பத்தவர், காஸ்டனுக்கு நண்பரானார். மகனுக்கு அவர் பெயர். போர்தோ வாசனை இந்த வீட்டில் எல்லாப் பக்கமும் அடித்திருக்கிறது.

பிப்ரவரி 6

"அப்படியானால் இது போர்தோவின் நகல்தானே, வெயில் அதிகமான ஊரில்?" என்று ஒருவர்.

இல்லை. செர்ஜ் போர்தோவில் எமில் பெனோவிடம் படித்தவர். நவீன ஒயின் தொழிலைச் சுத்தப்படுத்தியவர்களில் முதல் வரிசை ஆள் பெனோ: வெப்பத்தைக் கட்டுப்படுத்து, கூடத்தைக் கழுவு, பாக்டீரியாவை உள்ளே விடாதே. அவரிடம் படித்துவிட்டு வந்த மாணவர் கிட்டத்தட்ட எதிர்த் திசையில் நடந்தார். தெரியாமல் செய்தால் அலட்சியம். பாடம் முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு தலையிடாமல் விடுவதற்கு வேறு மாதிரித் துணிச்சல் வேண்டும். கலவை தன் மனசுக்குப் பிடிபட்டது 1977இல்தான் என்று அவர் சொல்லிவந்தார். 1959இலிருந்து பதினெட்டு வருஷம்!

நாக்கிலும் போர்தோ இல்லை. கேபர்னே எலும்பு. காரின்யான் சதையும் நிறமும். சான்ஸோதான் விஷயமே. தனியாகக் குடித்தால் மெலிசாக, பூ வாசனையோடு, பெரிதாக ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் ரகம். தெற்குப் பிரான்சில் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குப் போகிற பழம். முசார் பழசாகும்போது முன்னுக்கு வருவது அந்த சான்ஸோ என்பது என் கட்சி. அதனால்தான் வயதான முசாரைப் பெயர் மறைத்து ஊற்றினால் பலரும் பர்கண்டி என்கிறார்கள், இல்லாவிட்டால் ரோன் என்கிறார்கள் (இரண்டும் பிரான்சின் வேறு ஒயின் வட்டாரங்கள்). போர்தோ என்று சொன்னவரை என் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்றும் சரிபாதி சரிபாதியாகச் சேரும் என்று எழுதுகிறார்கள் (மூன்றில் எப்படிச் சரிபாதி வரும் என்பது வேறு விஷயம்). அது பொதுக்கணக்கு. வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வருஷத்து முசார் கேபர்னே பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும், அடுத்தது சான்ஸோ பக்கம் குழைந்துபோகும். ஒரு பாட்டிலை வைத்து மொத்தத்துக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 9

சரி, போர். இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

உள்நாட்டுப் போர் 1975இலிருந்து 1990 வரை. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கூடம் இந்தப் பக்கம், நடுவில் யார் யாரோ துப்பாக்கியோடு. 1976இல் ஒயினே இல்லை. 1984இல் பழம் வந்தது, ஆனால் சில மணி நேரத்தில் முடியவேண்டிய பாதை நாட்கணக்கில் இழுத்து, லாரியிலேயே நொதிக்க ஆரம்பித்துவிட்டது. மற்ற வருஷங்களின் அறுவடை எப்படியோ மலை தாண்டியிருக்கிறது.

பெய்ரூட்டில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது செர்ஜ் பதுங்குமிடத்துக்கு இறங்க மறுத்து, ஒரு முழு பாட்டிலைப் பெரிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மணிக்கணக்கில் மடக்கு மடக்காகக் குடித்தார் என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். நல்ல கதை. நூறு பேர் எழுதியாயிற்று. எனக்கு அதில் உருப்படியாகத் தெரிவது ஒன்றுதான்: ஒரு பாட்டிலை அவ்வளவு நேரம் குடித்தால் அது என்னென்னவாக மாறுகிறது என்பதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவர் பத்து நிமிஷத்தில் பாதியை முடித்தார்.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

கிண்டல் அதிகமாகிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும்.

பிப்ரவரி 14

யோசித்துப் பார்த்ததில், "போர் இல்லாவிட்டால் யார் சீந்துவார்கள்" என்ற கேள்விக்குப் பதில் தேதியிலேயே கிடைக்கிறது. முசாரை உலகத்துக்குக் காட்டியது 1979இல் பிரிஸ்டலில் நடந்த ஒயின் கண்காட்சி. கிறிஸ்டீஸ் ஏலக்கம்பெனியின் ஒயின் ஆள் மைக்கேல் பிராட்பென்ட் அங்கே சுவைத்துவிட்டு, கண்காட்சியிலேயே புதிதாகக் கண்டெடுத்தது இதுதான் என்றார். அவர் சுவைத்தது 1967 அறுவடை. போர் தொடங்குவதற்கு எட்டு வருஷம் முன்னால் பறித்த பழம்! அந்த பாட்டிலுக்குள் ஒரு குண்டுச் சத்தமும் இல்லை.

1984இல் 'டிகாண்டர்' இதழ் செர்ஜுக்கு ஆண்டின் சிறந்த மனிதர் பட்டம் கொடுத்தது, அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். அதில் போர் கொஞ்சம் கலந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 67 தனியாக நிற்கிறது.

பிப்ரவரி 22

இதற்கிடையில் நாங்களும் திறந்தோம். தொண்ணூறுகளின் முசார் இரண்டு, ஒரே அறுவடை ஆண்டு, வெவ்வேறு இடத்தில் வாங்கியது. சொல்லக் கொஞ்சம் சங்கடமான இரவு.

முதல் பாட்டில்: கார்க் ஈரமாக இருந்தாலும் உடையாமல் வந்தது. முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்ததால் வண்டல் அடியில் படிந்திருந்தது. மெதுவாக டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட விடும் அகன்ற கண்ணாடிக் குடுவை) ஊற்றி, கழுத்தில் கலங்கல் தெரிந்ததும் நிறுத்தினேன். நிறம் விளிம்பில் செங்கல். முதல் மணி நேரம் கேள்வி கேட்டவர் சொன்ன அதே நெயில் பாலிஷ். கூட இருந்த நண்பர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார். இரண்டாவது மணியில் அந்த வாடை அடங்கி, காய்ந்த செர்ரி, அத்திப்பழம், தோல் பை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வேறு. தள்ளிவைத்தவர் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டாவது பாட்டில் செத்துப்போயிருந்தது. தட்டை. வேகவைத்த பழமும் காடியும். நாலு மணி நேரம் காத்திருந்தும் எழுந்திருக்கவில்லை. பாட்டில் கழுத்தில் ஒயின் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்ததை வாங்கும்போதே பார்த்தேன், விலை குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டேன். விற்ற இடத்தில் வெயில் படும் அலமாரி. இது கூடத்தின் கோளாறு அல்ல, நடுவில் வைத்திருந்தவர்களின் கைங்கரியம்.

ஆக "முப்பது வருஷம் வைத்தால் நன்றாகும்" என்பதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: முப்பது வருஷம் *ஒழுங்காக* வைத்தால். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, ஆடாமல், கார்க் காயாதபடி படுக்கை வாட்டில். இதற்கு வழியில்லாதவர்கள் வயதான பாட்டிலை நல்ல இடத்திலிருந்து வாங்கி உடனே குடிப்பதே மேல்.

பிப்ரவரி 23

"வாடை அடங்கியதா, உங்கள் மூக்கு பழகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எத்தில் அசெட்டேட் எளிதில் ஆவியாகும், டிகாண்டரில் பரப்பு அதிகம், கொஞ்சம் பறந்துவிடும். அசெட்டிக் அமிலம் அவ்வளவு லேசில் போகாது. மீதியை மூக்கு மன்னித்துவிடுகிறது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் டிகாண்டரில் ஊற்றிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு, மூக்கு புதிதாக இருக்கும்போது வந்து பாருங்கள். நான் இன்னும் அதை ஒழுங்காகச் செய்து பார்க்கவில்லை. திறந்த பாட்டிலை விட்டுவிட்டு வெளியே போகிற குணம் எனக்கு இல்லை.

மார்ச் 1

பிப்ரவரி 14இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 67 தனியாக நிற்கிறது என்று மேசையைத் தட்டியிருக்கிறேன். அந்த பாட்டில் பிரிஸ்டலுக்கு ஏன் போனது என்று கேட்டுக்கொள்ளவில்லை. போருக்கு முன் முசார் பெரும்பாலும் லெபனானுக்குள்ளேயே விற்றுக்கொண்டிருந்தது. போர் வந்து உள்ளூர்ச் சந்தை படுத்ததால்தான் வெளியே ஆள் தேடவேண்டி வந்தது. ஆக ஒயினைச் செய்தது போர் இல்லை, அதைப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்றியது போர்தான். இந்த அளவுக்குக் கேள்வி கேட்டவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

1984ஐ யோசித்தாலும் கோடு இன்னும் கலங்குகிறது. அங்கே பாதையே பாட்டிலுக்குள் இருக்கிறது. சூட்டில் பழக்கிச் செய்யும் போர்ச்சுகல் ஒயினான மடெய்ரா மாதிரி இருந்தது என்று சுவைத்தவர்கள் சொல்கிறார்கள். நான் சுவைத்ததில்லை. மற்ற வருஷங்கள் போல அது கடைக்கும் வரவில்லை.

மார்ச் 2

இல்லை, 84 பாட்டில் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லி நேற்று எழுதவில்லை. ஆனால் தடுக்கவும் மாட்டேன்.

மார்ச் 11

"இவ்வளவு கோளாறு உள்ள ஒயின் எப்படி இத்தனை வருஷம் தாங்குகிறது?" பாடப்புத்தகப்படி பார்த்தால் தாங்கக்கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிவப்பு ஒயின் வயதாவது என்பது பெரும்பாலும் டானின் கதை. இளம் ஒயினில் ஈறைப் பிடித்து இழுக்கும் அந்தத் துவர்ப்பு, வருஷம் ஆக ஆக ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து நீண்டு, ஒரு பகுதி வண்டலாகக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் நிறம் வெளுக்கிறது, துவர்ப்பு மெலிகிறது, அடியில் கசடு. முசாரில் வடிகட்டாததால் கசடு அதிகமாகவே இருக்கும், பயப்படவேண்டாம். காரின்யானில் டானினும் அமிலமும் தாராளம். 1,000 மீட்டர் உயரத்தில் பகல் சுட்டாலும் ராத்திரி குளிரும், பழத்தில் புளிப்பு தங்கும். புளிப்பு இல்லாத ஒயின் சீக்கிரம் தொய்ந்துவிடும்.

இன்னொன்று என் அனுமானம், ஆதாரம் கேட்காதீர்கள். பீப்பாயிலும் சிமெண்டிலும் பாட்டிலிலுமாக ஏழு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைப் பார்த்து வெளியே வருகிற ஒயினுக்குப் பின்னால் வரும் காற்று அதிர்ச்சியாக இருப்பதில்லை. பொத்திப் பொத்தி வளர்த்த ஒயின் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 12

வேதியியல் படித்த ஒருவர் மேலே உள்ள கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். அனுமானம் என்று சொல்லிவிட்டுத்தானே எழுதினேன்? இருந்தாலும் அவர் சொல்வதில் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: தாங்கிய பாட்டில்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம், தாங்காதவை குழாயடியில் போய்விட்டன. என் இரண்டாவது பாட்டில் உட்பட.

மார்ச் 20

வாங்குவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். சுருக்கமாக.

புதிதாக வெளிவந்த முசார் அப்படியொன்றும் அரிது இல்லை. அரிதானது இருபது, முப்பது வயதானது. கூடத்திலிருந்தே அவ்வப்போது பழையவற்றை விடுகிறார்கள், அந்த வழி வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பாட்டிலில் ஒயின் மட்டத்தைப் பாருங்கள், கார்க் மேலே எழும்பியிருந்தால் சூடு பட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ஒன்றரை லிட்டர் மேக்னம் கிடைத்தால் அது இன்னும் மெதுவாக வயதாகும். அறுவடை ஆண்டு மதிப்பெண் பட்டியலை வைத்து முசார் வாங்காதீர்கள், அந்தக் கணக்குக்கு இது அடங்காது.

செர்ஜ் போனபிறகு மாறிவிட்டதா என்றும் ஒரு கேள்வி. 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில், கடலில் நீந்தும்போது இறந்தார், வயது 75. மகன்கள் காஸ்டனும் (தாத்தா பெயர்) மார்க்கும், ரொனால்டின் மகன் ரால்ஃபும் நடத்துகிறார்கள். ஒயின் செய்யும் தாரிக் சக்ர் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே அங்கே இருப்பவர், ஆகவே திடீர் மாற்றம் ஒன்றும் இல்லை. என் நாக்குக்குச் சமீபத்திய அறுவடைகள் கொஞ்சம் சுத்தமாகத் தெரிகின்றன. அது நல்லதா என்று கேட்டால் நாளுக்கொரு பதில் சொல்வேன்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இன்னொரு பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, நாலு மணி நேரம் டிகாண்டரில் விட்டு, பொறுமையாகக் குடித்தாராம். மாட்டுக்கொட்டில் போய்விட்டது, நெயில் பாலிஷ் பாதிதான் போனது, "சுவாரஸ்யமாக இருக்கிறது, ஆனால் இன்னொரு கோப்பை வேண்டும் என்று தோன்றவில்லை" என்கிறார்.

அது போதும். இனி முசாரை விட்டுவிடுங்கள், காசு மிச்சம். சான்ஸோ பக்கம் ஆசை இருந்தால் ஹோஷார் பேர் எ ஃபீஸ் பாருங்கள், அதே வீட்டுக் கை, பிடிவாதம் குறைவு. அதுவும் வேண்டாமென்றால் அவர்களுடைய வெள்ளை ஒயின் இருக்கிறது: ஒபைதே, மெர்வா என்று லெபனானுக்கே உரிய இரண்டு பழங்கள், ஒட்டுப்போடாத கொடி. செர்ஜ் அதைச் சிவப்புக்குப் பிறகுதான் ஊற்றுவார், குளிர வைக்காமல். சிவப்பு பிடிக்காத நீங்கள் நேராக அங்கே போகலாம். ஒரே நிபந்தனை, அதையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து கேள்வி கேட்கக்கூடாது.